சும்மா இருந்தால் பதினைந்து ரூபாய்

சும்மா இருப்பதன் விலை யூனிட்டுக்குப் பதினைந்து ரூபாய்.

பெரியவர்கள் அதற்கு விலையே கிடையாது என்றார்கள். சும்மா இருப்பதே சுகம், அது கைகூடினால் மோட்சம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் விலை கேட்டு ஆள் வரவில்லை போலிருக்கிறது. இப்போது சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து கேட்டது. தான் கேட்ட நேரத்தில் திருவாரூர் எல்லையம்மன் மஹால் என்ற கல்யாண மண்டபம் மின்சாரம் இழுக்காமல் சும்மா இருந்தால், இழுக்காத ஒவ்வொரு யூனிட்டுக்கும் பதினைந்து ரூபாய் என்று எழுதிக் கொடுத்தது.

மஹால் முதலாளி மாரியப்பனுக்கு அதில் கோபம். விலை குறைவென்று அல்ல. சொன்ன விலைக்குத் தலையாட்டி, ஒரு வார்த்தை பேரம் பேசாமல், மருமகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று. வேதாரண்யத்துக் கரையில் முப்பது வருஷம் மீன் ஏலம் எடுத்தவர் வீட்டில் இப்படி ஒரு அவமானம் நடந்ததில்லை.

மருமகள் அபிநயா தஞ்சாவூர்ப் பெண். மின்சாரம் படித்தவள். ஆடி மாதம் மஹாலின் பின்புறத்து அறையில், பீரோவைப் போல வரிசையாக நிற்கும் பேட்டரிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். பகலில் வெயில் காய்கிறபோது மின்சாரம் மலிவு. சாயங்காலம் ஊரே ஒன்றாக விளக்கைப் போடும்போது அதே மின்சாரத்தின் விலை ஏறிவிடும். மலிவாக இருக்கும்போது வாங்கிப் பேட்டரியில் வைத்துக்கொண்டு, விலை ஏறும்போது அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கலாம். டீசல் ஜெனரேட்டரின் புகையும் மிச்சம். இதற்கு மேல் ஊருக்கே மின்சாரத் தட்டுப்பாடு வரும் நாளில், கம்பெனி கேட்கிற ஒரு மணி நேரம் அறுபது யூனிட் குறைத்துக் கொடுத்தால் அதற்குத் தனிக் காசு. தயாராக நிற்பதற்கே மூன்று மாதத்துக்கு நாற்பத்தைந்தாயிரம். ஒரு தடவை தவறினாலும் அந்த நாற்பத்தைந்தும் போச்சு.

கரையில் மலிவாக வந்த மீனை ஐஸில் போட்டு வைத்து, வரத்து இல்லாத நாளில் விற்றுத்தான் மாரியப்பன் மண்டபமே கட்டினார். அவருக்கு இது புரியாமல் இல்லை. தன் வியாபாரத்தையே தனக்கு ஒருத்தி பாடம் நடத்துகிறாளே என்பதுதான் பொறுக்கவில்லை.

அதனால்தான் பந்தயம். தீபாவளிக்குள் கம்பெனியின் ஒரு அழைப்பு தவறினாலும் பேட்டரியை விற்றுவிட வேண்டும். தவறாவிட்டால் மாரியப்பனின் அரைஞாணில் தொங்கும் மஹால் சாவிக்கொத்து அபிநயா கைக்குப் போகும். மாரியப்பனின் மனைவி எல்லையம்மாள் நடுவர். மகன் ஜெகன் மீன் லாரியோடு கொச்சிக்குப் போய்விட்டான். பெண்டாட்டிக்கும் அப்பாவுக்கும் நடுவில் நிற்பதைவிட வாளையாறு செக்போஸ்ட்டில் நிற்பது சுலபம் என்பது அவன் கட்சி.

இதுவரை வந்த இரண்டு அழைப்பும் தவறவில்லை. ஆனாலும் மாரியப்பன் போன வாரம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தார். பேட்டரியை வாங்கிக்கொள்ள மன்னார்குடி ரோட்டு ரைஸ்மில்காரரிடம் பத்தாயிரம் அச்சாரம் வாங்கிவிட்டார். பந்தயத்தில் ஜெயிக்கப் போகிறவர் முன்கூட்டியே வாங்கினால் என்ன தப்பு என்று அவர் மனசு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தக் கவர் இன்னும் சட்டையின் உள்பையில்தான் இருக்கிறது.

இன்று விஜயதசமி. மஹாலில் சாயங்காலம் ஆறரைக்கு பேங்க் மேனேஜர் ராமசுப்பிரமணியன் மகள் ஷைலஜாவின் நாட்டிய அரங்கேற்றம். வாசலில் வாழைமரம், மேலே சீரியல் செட் பளபளப்பு, சமையல்கட்டில் கேசரி வாசனை.

அம்மா வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்த அபிநயா அப்போதுதான் பஸ் இறங்கி வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் போன் மணி அடித்தது. கம்பெனிச் செய்தி. இன்று சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை.

"மாமா, பேட்டரி ரூம் சாவி குடுங்க. நேத்து ராத்திரியிலேருந்து போன்ல தொடர்பே காட்டல. லீவு நாளு, நெட்டு படுத்துதுன்னு நெனச்சேன்."

மாரியப்பன் சாவியைக் கொடுக்கவில்லை. தானே எழுந்து வந்தார். முகத்தில் ஒரு பெருமை. தான் செய்து வைத்திருப்பதை அவள் பார்க்க வேண்டும் என்று மத்தியானத்திலிருந்து காத்திருந்தவர் அவர்.

கதவைத் திறந்தார். ஒவ்வொரு பீரோவின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். மாவிலைத் தோரணம். காலடியில் வாழையிலையில் பொரி கடலை, இரண்டு வாழைப்பழம். போனுக்குத் தகவல் அனுப்புகிற சின்னப் பெட்டிக்குக்கூட ஒரு பொட்டு. நடுவில், மாலை போட்டிருந்த மெயின் சுவிட்சின் பெரிய கைப்பிடி, கீழ்ப்பக்கமாக இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

"ஆயுத பூஜையன்னைக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதுல்ல. தராசு, கத்தி, கல்லாச் சாவி, எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்தேன். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ராத்திரி பூஜை போட்டு நானே அமத்தி வச்சேன். நீ வந்து வெளக்கேத்தினதும் எடுத்து வைக்கலாம்னு இருந்தேன்."

அபிநயா கைப்பிடியைத் தூக்கிவிட்டாள். விளக்குகள் கண் சிமிட்டின. உள்ளே சார்ஜ் கால்வாசிக்கும் குறைவு. நேற்றுச் சாயங்காலம் மண்டபத்துக்கு உழைத்துவிட்டு வெறும் வயிற்றோடு நின்றதை, சாப்பாடு போடாமலே மாரியப்பன் படுக்க வைத்திருக்கிறார்.

பின்னாலேயே வந்த எல்லையம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, இதற்குப் பெயர் ஓய்வு இல்லை, பட்டினி என்றாள்.

அபிநயா கோபப்படவில்லை. அதுதான் வினை. போனை அவர் முன்னால் நீட்டிச் செய்தியைக் காட்டினாள்.

"ஜெயிச்சிட்டீங்க மாமா" என்றாள்.

மாரியப்பனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சாவிக்கொத்து தன்னிடமே இருக்கும். ரைஸ்மில்காரர் மிச்சப் பணத்தோடு வருவார். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும். ஆனால் அவள் 'ஜெயிச்சிட்டீங்க' என்று சொன்ன விதம் அவருக்குத் தெரிந்த விதம். எடை போடும்போது தராசுத் தட்டில் கட்டைவிரல் வைக்கிற வியாபாரியிடம், ஏமாந்தவர்கள் அப்படித்தான் மெதுவாகப் பேசுவார்கள்.

முப்பது வருஷத்தில் பொய் சொல்லியிருக்கிறார். விலையை ஏற்றியிருக்கிறார், இறக்கியிருக்கிறார். கட்டைவிரலை மட்டும் வைத்ததில்லை.

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "எத்தன கொறைக்கணும்?"

"அறுபது. இப்ப சார்ஜ் ஏத்தினாலும் இருபதுதான் தேறும். மேலே ஏசியும் ஓடுது. ரெண்டையும் முழுசா ஓட்டினா அனுமதிச்ச அளவத் தாண்டிரும், அபராதம் போடுவாங்க."

"அப்ப நாப்பது வேணும்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பொட்டியில ஐஸப் போட்டு மூடிட்டா நாகப்பட்டினத்துலேருந்து திருச்சி வரைக்கும் தாங்கும். மண்டபமும் ஒரு பொட்டிதானே?"

அபிநயா அவரைப் பார்த்தாள். பிறகு போனில் கணக்குப் போட ஆரம்பித்தாள். ஏழு மணி வரை இழுக்கக்கூடிய மின்சாரத்தில் பேட்டரிக்குப் பாதி, ஏசிக்குப் பாதி. இப்போதே மண்டபத்தை நடுங்கும்படி குளிர வைத்து, ஏழு மணிக்கு ஏசியை நிறுத்திக் கதவைச் சாத்தினால், சுவரும் தரையும் பிடித்து வைத்த குளிர் ஒரு மணி நேரம் வரும். அதில் இருபது.

"மீதி இருபது?"

"அத நான் வாங்கிட்டு வர்றேன்" என்றார் மாரியப்பன், கத்தரிக்காய் வாங்கி வருகிறவர் போல.

மஹாலின் கீழே இருக்கிற கடைகள் எல்லாம் ஒரே மீட்டரில் ஓடுகிறவை. முதலில் ஜெக்கரியா பாயின் மீன் குளிரறை. பாய்க்கும் மாரியப்பனுக்கும் இருபது வருஷப் பழக்கம். ஒருவரை ஒருவர் ஏமாற்ற முடியாது என்பதால் நட்பு உறுதி.

கதவைத் திறக்காமல் மெஷினை மட்டும் ஒரு மணி நேரம் சும்மா போட்டு வைக்க வேண்டும் என்று மாரியப்பன் விஷயத்தைச் சொன்னார். சரக்கு கெடாது என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் பாய் தாடியைத் தடவினார். சும்மா இருப்பது லேசான வேலையா என்று கேட்டார். தன் மெஷின் வைராக்கியம் உள்ள மெஷின், அது நின்று பழக்கமே இல்லை என்றார்.

பக்கத்தில் பியூட்டி பார்லர் மேகலா நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விலை விழக் கூடாது. மாரியப்பன் துண்டை விரித்தார். மாட்டுச் சந்தையில் செய்வதுபோல இரண்டு கையும் துண்டுக்கடியில் போயின. விரலுக்கு நூறு.

பாய் மாரியப்பனின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். மாரியப்பன் கையை உருவிக்கொண்டு இரண்டு விரலைப் பிடித்தார். பாய் மேலே பார்த்து, அல்லாவிடம் முறையிடுகிற முகத்தோடு நான்கைப் பிடித்தார். இப்படியே கொஞ்ச நேரம் துண்டுக்குள் ஒரு எலி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மூன்று விரலில் நின்றது.

"ஒம்பது யூனிட்டு கொறையும்" என்றார் பாய், துண்டை மடித்துக் கொடுத்தபடி. "மாரியப்பண்ணே, நானும் நாப்பது வருஷமா வியாபாரம் பண்றேன். ஒண்ணும் பண்ணாம இருக்குறதுக்கு இன்னைக்குத்தான் காசு பாத்திருக்கேன். தெனமும் கேட்பாங்களா?"

மேகலாவுக்குத் துண்டு பாஷை தெரியாது. ஆனால் வாய் இருந்தது. ஏசியையும் முடி காயவைக்கிற மெஷினையும் ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டதும், பணமே வேண்டாம் என்றாள். மாரியப்பன் மகிழ்ந்துபோனார். அவசரப்பட்டுவிட்டார்.

"மூணு மாசமா சொல்றேன். வாஷ்பேசின் ஒழுகுது. நாளைக்குக் காலையில குழாய்க்காரர் வரணும். உங்க காசுல."

மூன்று மாதமாக அந்த வாஷ்பேசினை வாடகை ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு வரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தவர் மாரியப்பன். ஐந்து யூனிட்டுக்காக அது இன்று வெளியே வந்துவிட்டது. போனால் போகிறது, மாடிக்கு வந்து நாட்டியத்தையும் சும்மா பாருங்கள் என்று கூடுதலாக ஒரு சலுகை கொடுத்தார். அந்தச் சலுகை பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

அடுத்தது வாசல் சீரியல் செட், நாலு யூனிட். அது சொந்தச் சரக்கு, பேரமே தேவையில்லை என்று அணைக்கப் போனவரை எல்லையம்மாள் தடுத்தாள். விஜயதசமி அன்றைக்கு வாசலை இருட்டாக்கினால் மகாலட்சுமி பக்கத்து மண்டபத்துக்குப் போய்விடுவாள் என்பது அவள் வாதம். சொல்லிவிட்டு அவளே அகல் பெட்டியை எடுத்து வந்து, படி நெடுக விளக்கேற்ற ஆரம்பித்தாள். அறுபது ரூபாய் எண்ணெய் என்று அதையும் கணக்கில் சொல்லத் தவறவில்லை. மாரியப்பனின் மனைவி அல்லவா.

பெரிய மீன் மாடியில் இருந்தது. வந்தவர்களைப் பட்டு வேட்டியில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்த ராமசுப்பிரமணியன், ஏசியை ஒரு மணி நேரம் நிறுத்துவோம் என்று கேட்டதும், கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏசிக்குன்னு தனியா வாங்கியிருக்கேள். கொழந்தைக்கு வேர்த்து மேக்கப் ஒழுகித்துன்னா என்ன பண்றது?"

ஜெனரேட்டர் செலவென்று மஹால் பில்லில் போட்டிருந்ததில் ஆயிரம் ரூபாய் கழித்தால் யோசிக்கலாம் என்றார். மாரியப்பன் முந்நூறு என்றார். மேனேஜர் வட்டிக் கணக்குப் பழகிய மனிதர், இறங்க மறுத்தார். அந்த நேரம் பார்த்துச் சலங்கை கட்டிய ஷைலஜா ஒப்பனை அறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"அப்பா, நாங்க டெய்லி ஆடற மாடியில ஃபேனே கெடையாது. இப்ப எனக்குக் குளிர்றது."

சாட்சி எதிர்க்கட்சி வீட்டிலிருந்தே வந்துவிட்டது. பேரம் ஐநூறில் முடிந்தது.

ஏழு மணிக்கு ஏசி நின்றது. யாருக்கும் தெரியவில்லை, மிருதங்கம் அப்போதுதான் வேகம் எடுத்திருந்தது. மாரியப்பனும் அபிநயாவும் கடைசி வரிசையில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஏழேகாலுக்குள் குறைப்பு மணிக்கு அறுபது யூனிட் என்ற வேகத்தைத் தொட்டாக வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் தவறியதாகத்தான் கணக்கு.

எண் ஏறியது. ஐம்பது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. அங்கேயே நின்றது.

"ரெண்டு கொறையுது மாமா."

மாரியப்பன் மனசுக்குள் கட்டடம் முழுக்கச் சுற்றி வந்தார். பாய் நிறுத்திவிட்டார். மேகலா நிறுத்திவிட்டு முன்வரிசைக்கு அடுத்து உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறாள். சமையல்கட்டில் கேஸ். லிப்ட்டே கிடையாது. இன்னும் எது ஓடுகிறது?

அபிநயாவுக்குத் தோன்றிவிட்டது. சொல்லத்தான் தயங்கினாள். "உங்க ஆபீஸ் ரூம் ஏசி..."

"நான்தான் இங்க இருக்கேனே. அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல மாமா. அது சும்மா ஓடிக்கிட்டிருக்கு."

ஐம்பத்தேழு வயசு மனிதர் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடுவதை அன்று வாசலில் அகல் தூண்டிக்கொண்டிருந்த எல்லையம்மாள் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அப்படி ஓடியது புயல் வந்த அன்றைக்கு மட்டும்தான் என்று பின்னால் சொன்னாள்.

அவர் மூச்சு வாங்க மேலே வந்தபோது அபிநயா போனைத் திருப்பிக் காட்டினாள். அறுபது. அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

ஏழரை தாண்டியதும் அவர் கொடுத்த சலுகை கழுத்தைப் பிடிக்க வந்தது. மேகலா தன் வாடிக்கைக்காரிகளைக் கூட்டி வந்திருந்தாள். பாய் கடைப் பையன்கள், சமையல்காரர்கள், வாசலில் அகல் வரிசையைப் பார்த்து ஏதோ விசேஷம் என்று ஏறி வந்த தெருக்காரர்கள், எல்லாருக்கும் சும்மாதான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு ஆளும் ஒரு சின்ன அடுப்பு என்றாள் அபிநயா. குளிர் கரைய ஆரம்பித்தது. மேனேஜர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கழுத்துப் பட்டையில் கர்ச்சீப். எழுந்து வரப்போகிறார் என்று தெரிந்தது.

எல்லையம்மாள் ஏறி வந்தாள். மீந்துபோன அரங்கேற்ற அழைப்பிதழ்கள் மேஜையில் ஒரு கட்டு கிடந்தன. அட்டை போன்ற கனத்த காகிதம், தங்க எழுத்து. அதை அப்படியே எடுத்து வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனாள். முதல் அட்டையை மேனேஜரின் மனைவி கையில் கொடுத்தாள். அந்தம்மா கணவருக்கு விசிற ஆரம்பித்ததும் அவர் எழுந்திருக்கிற யோசனையை விட்டுவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபம் முழுக்க ஷைலஜாவின் பெயர் தாளத்தோடு அசைந்தது. மேடையிலிருந்த பெண் அதைப் பார்த்துவிட்டாள் போல. தில்லானாவில் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினாள்.

கைதட்டல் எழுந்தபோது மணி எட்டு. அதே நொடியில் ஏசி உயிர் பெற்றது. போனில் கம்பெனியிடமிருந்து பச்சை நிறத்தில் ஒரு டிக். கைதட்டல் யாருக்கென்று மாரியப்பனுக்குச் சந்தேகமே வரவில்லை. கொஞ்சம் தலைகூடக் குனிந்துவிட்டார்.

விருந்து நடந்துகொண்டிருந்தபோது அபிநயா ஒரு அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்கெழுதினாள். மாரியப்பன் கேசரியோடு எதிரில் உட்கார்ந்தார்.

அறுபது யூனிட், தொள்ளாயிரம் வரவு. பாய்க்கு முந்நூறு, குழாய்க்காரருக்கு இருநூற்றைம்பது, மேனேஜருக்கு ஐநூறு, எண்ணெய் அறுபது. வரவைவிட இருநூற்றுப் பத்து அதிகம் செலவு.

"பேட்டரி நெறைஞ்சிருந்தா இதுல ஒரு பைசா வெளிய போயிருக்காது. இன்னைக்குக் குடுத்ததெல்லாம் சந்தனத்தோட வெலை" என்றாள். பிறகு, "ஆனா நாப்பத்தஞ்சாயிரம் தப்பிச்சுது. அத நீங்கதான் காப்பாத்தினீங்க."

மாரியப்பன் கேசரியை விழுங்கினார். அவருக்கு அந்தப் பாராட்டு இனிப்பைவிட இனிப்பாக இருந்தது. அதனால் உடனே சண்டை பிடித்தார். "பேட்டரியும் நெறைஞ்சு, கீழ்க் கடைங்களையும் சேத்துக்கிட்டா, அறுபது என்ன, எம்பது குடுக்கலாமே. அத மொதல்லயே சொல்லியிருந்தா யூனிட்டு பதினெட்டுக்கு வாங்கியிருப்பேன். அடுத்த தடவ அந்தக் கம்பெனிக்காரன் வந்தா, என்னக் கூப்பிடு. துண்டோட வர்றேன்."

"அப்ப பேட்டரி வேணுங்கிறீங்களா மாமா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சட்டைப்பையில் போன் நடுங்கியது. ரைஸ்மில்காரரின் செய்தி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நாட்டியம் பார்த்துவிட்டுப் போனவர். 'ஏசி நின்னத கவனிச்சேன். பேட்டரி கவுத்துடுச்சுன்னு புரிஞ்சுது. பேசினபடி நாளைக்குக் காலையில லாரி வருது.'

மாரியப்பன் போனைக் கவிழ்த்து வைத்தார். வாங்கிய அச்சாரத்தைத் திருப்பினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். அது கரை வழக்கம், அவரே எத்தனையோ பேரிடம் கறந்திருக்கிறார்.

"யாரு மாமா?"

"சும்மா" என்றார்.

அவள் கணக்குக்குக் கீழே கோடு போட்டுவிட்டு எழுந்து போனாள். பேனா அங்கேயே கிடந்தது. மாரியப்பன் அதை எடுக்கவில்லை. மிச்சத்தை மனசுக்குள்தான் எழுதிக்கொண்டார். கட்டைவிரல் வைக்காமல் காப்பாற்றியது, நாற்பத்தைந்தாயிரம். கைவிட்டுப் போகவேண்டியது, இருபதாயிரம். சாவிக்கொத்து, தீபாவளி வரை நிலுவை. மருமகளிடம் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று, பாக்கி.